இராசநாயகத்தின் அரண்மனைகளும் மகாதேவியின் நிவாரண அட்டையும்

1993ஆம் ஆண்டு மாசி மாதத்தில், யாழ்ப்பாண மாவட்டத்தின் உல்லாசப் பயணத்துறையை மேம்படுத்துவதென்று கொழும்பிலே ஓர் அமைச்சு தீர்மானித்தது. தீர்மானித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லா மாவட்டங்களிலும் உல்லாசப் பயணத்துறை மேம்படும் என்று திட்டத்தில் எழுதியிருந்தது. யாழ்ப்பாணமும் ஒரு மாவட்டம். இதில் பிழை பிடிக்க எங்கே இடம்?

சுற்றுநிருபம் கப்பலேறி, இறங்கி, சோதிக்கப்பட்டு, ஆறு வாரத்தில் மாவட்ட அரச செயலகமான யாழ்ப்பாணக் கச்சேரியை அடைந்தது. அப்போது யுத்த காலம், யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பெற்றோல் இல்லை. சீமெந்தும் பற்றரியும் வரத் தடை. கிளாலிக் கடலைப் படகில் தாண்டி உயிரோடு வந்து சேர்ந்தவர்களை உல்லாசப் பயணிகள் என்று சொல்வதானால், அந்த வகையில் மட்டும் மாவட்டத்துக்குக் குறைவில்லை.

சுற்றுநிருபம் கேட்டது இதுதான்: தங்கள் மாவட்டத்தில் பயணிகள் பார்வையிடத்தக்க அரண்மனைகள் எத்தனை, அவற்றின் கோபுரங்கள் எத்தனை, வருடாந்தப் பார்வையாளர் தொகை எவ்வளவு.

இதற்குப் பதில் எழுதும் பொறுப்பு உதவிப் பணிப்பாளர் சிவசுப்பிரமணியத்திடம் வந்தது. இருபத்தேழு வருட சேவையில் அவர் ஒரு கடிதத்தையும் பதில் இல்லாமல் விட்டதில்லை. எந்தப் பதிலிலும் எதையும் சொன்னதுமில்லை. அவருடைய இலிகிதர் பஞ்சலிங்கம் வேலையைச் சுருக்கமாக முடிக்க விரும்பும் மனிதர்.

“ஐயா, ‘இல்லை’ எண்டு எழுதி விடுவமே?”

“போன முறை அப்பிடித்தான் எழுதினனாங்கள். கடிதக் கோவையை எடுத்துப் பாரும்.”

பஞ்சலிங்கம் எடுத்துப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே கேள்வி வந்திருந்தது. யாழ்ப்பாணத்து அரசரின் அரண்மனையைப் போர்த்துக்கேயர் இடித்துவிட்டனர் என்று சிவசுப்பிரமணியம் பணிவுடன் அறிவித்திருந்தார். அதற்குக் கொழும்பு எழுதிய மறுமொழி சிவப்பு நாடாவால் கட்டப்பட்டிருந்தது: ‘மேற்படி இடித்தலுக்கு முன்னனுமதி பெறப்பட்டதா? பெறப்பட்டிருப்பின் பிரதியை இணைக்கவும். பெறப்படாதிருப்பின் சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர்கள் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை யாது?’

“சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர்கள் லிஸ்பனுக்கு இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டினம் எண்டு எழுதுவமோ?” என்று பஞ்சலிங்கம் கேட்டார்.

“இடமாற்றக் கடிதத்தின்ரை பிரதி கேப்பாங்கள். பஞ்சலிங்கம், அரண்மனை இல்லையெண்டு நிரூபிக்கிறதிலும் பாக்க ஒரு அரண்மனையைக் காட்டுறது லேசு.”

இவ்வாறாக, யாழ்ப்பாண அரசு வீழ்ந்து ஏறக்குறைய முந்நூற்றெழுபது வருடங்களின் பின்னர், அதற்கு ஓர் அரசர் தேவைப்பட்டார். அரசரைத் தேடி அதிக தூரம் போகவேண்டி இருக்கவில்லை.

யாழ்ப்பாணக் கரையோர ஊரான கொழும்புத்துறையின் இராசநாயகத்தை ஊரார் ராசா என்றுதான் கூப்பிடுவார்கள். 1984இல் அகதியாக ஜேர்மனிக்குப் போனவர். அங்கே ஒரு மலையடிவாரத்து ஹோட்டலில் நான்கு வருடம் சட்டி பானை கழுவினார். மலைக்கு மேலே ஓர் அரண்மனை இருந்தது. நூறு வருடத்துக்கு முன்பு, பைத்தியம் என்று பெயரெடுத்த ஒரு விசர் ராசா, நாட்டின் கசானாவைக் கரைத்துக் கட்டியது. சண்டைக்கு உதவாத கோட்டை, குடியிருக்க உதவாத வீடு. இப்போது உலகமெல்லாம் இருந்து சனம் வந்து அதற்கு முன்னால் நின்று படம் பிடிக்கிறது. படம் பிடித்த பசியில் ஹோட்டலுக்கு வருகிறது. தின்ற கோப்பையை இராசநாயகம் கழுவுகிறார். நான்கு வருடம் கோப்பை கழுவியதில் அவருக்கு ஒரு ஞானம் பிறந்தது: ஒரு நாடு முன்னேறுவதற்குத் தேவை விசர் பிடித்த ஒரு ராசா.

1988இல், சமாதானம் வந்துவிட்டது என்று பேப்பரில் வாசித்து அவர் ஊருக்குத் திரும்பினார். கையில் காசும் ஒரு கலண்டரும் இருந்தன. கலண்டரின் ஐப்பசி மாதப் படத்தை மேசனிடம் கொடுத்து, “இதைக் கட்டு” என்றார். மேசன் சொன்னபடி செய்கிறவன். படத்தில் தெரிந்த நான்கு கூர்முனைக் கோபுரங்களையும் கட்டினான். கோபுரத்துக்குள்ளே படிக்கட்டு இருப்பது படத்தில் தெரியவில்லை, ஆகவே கட்டவில்லை. அரண்மனையின் பின்பக்கமும் படத்தில் இல்லை. அதனால் கொழும்புத்துறை அரண்மனைக்கும் பின்பக்கம் இல்லை. அந்த இடத்தைத் தென்னோலைக் கிடுகால் மறைத்திருந்தார்கள்.

ஊர் சிரித்தது. பிறகு, வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகள் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தன. அடுத்த வருடமே மேசனுக்கு ஓய்வில்லை. கலியாணம் பேசிப் போகிறவர்கள், “பொம்பிளை வீட்டுக்குக் கோபுரம் எத்தினை?” என்று கேட்கத் தொடங்கினார்கள். ராசா மேலும் இரண்டு அரண்மனைகளுக்கு அத்திவாரம் போட்டார். 1990இல் சமாதானம் முடிந்தது, சீமெந்தும் முடிந்தது. ராசா மேசனுக்குக் கொடுக்கவேண்டிய மிச்சத்தை உழைப்பதற்காகப் பழைய ஹோட்டலுக்கே கோப்பை கழுவப் போய்விட்டார்.

சிவசுப்பிரமணியமும் பஞ்சலிங்கமும் ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு சைக்கிள்களில் ராசாவின் அரண்மனைகளைத் தரிசிக்கப் புறப்பட்டார்கள். உத்தியோகபூர்வ விஜயம் என்றபடியால் சிவசுப்பிரமணியம் சப்பாத்து அணிந்திருந்தார்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி அரண்மனைக்கு வாசல் மட்டுமே இருந்தது. வாசலின் இரண்டு பக்க அறைகளிலும் பல்கலைக்கழக மாணவர் ஆறு பேர் வாடகைக்கு இருந்தார்கள். சிவசுப்பிரமணியம் ‘உயர்கல்வியுடன் இணைக்கப்பட்ட அரண்மனை’ என்று குறித்துக்கொண்டார்.

குருநகரில் அத்திவாரத்துக்கு மேலே வாசல் கூட இல்லை. ராசா உலாப் போவதற்காகச் செய்வித்த அன்னப்பட்சித் தோணி கரையில் கிடந்தது. அதன் கழுத்தில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அதைச் செய்த சிமியோன் பக்கத்தில் இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்.

“இது ஓடுமோ?” என்று சிவசுப்பிரமணியம் கேட்டார்.

“ஓடும் ஐயா. ஆனா எந்தப் பக்கம் ஓடுமெண்டு அதுதான் முடிவு செய்யும். தலை பாரம்.”

“ராசா இதிலை ஏறினவரோ?”

“ஒருக்கா ஏறினவர். நாங்கள் நாலு பேர் குதிச்சுத்தான் தூக்கினது.”

‘அரச கடற்படை: ஒன்று’ என்று பஞ்சலிங்கம் எழுதப் போனார். கடற்படை என்ற சொல் அந்தக் காலத்தில் எந்தத் தரப்பினர் கண்ணிலும் படக்கூடாதது என்பதால் சிவசுப்பிரமணியம் அதை வெட்டி, ‘நீர்நிலைப் பொழுதுபோக்கு’ என்று திருத்தினார்.

கொழும்புத்துறையில் உண்மையான அரண்மனை நின்றது. முன்னால் வெள்ளைச் சுண்ணாம்பு, நான்கு கோபுரம், இரும்பு கேற். வெள்ள வாய்க்காலுக்கு மேலே ஒரு பலகை. கேற்றைத் தட்டியதும் உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

“ஆரது?”

“கச்சேரி.”

“நிவாரணமோ ஐயா?”

“இல்லைப் பிள்ளை. உல்லாசப் பயணம்.”

“ஆர் போகினம்?”

“ஒருத்தரும் போகேல்லை. இனித்தான் வருவினம்.”

கேற்றைத் திறந்தவள் மகாதேவி. மண்டைதீவில் இருந்து 1990இல் ஓடி வந்தவள். கணவன் கடலுக்குப் போய்த் திரும்பாதவன். மூன்று பிள்ளைகளோடும் மாமியாரோடும், ஆளில்லாமல் கிடந்த அரண்மனையின் மண்டபத்தில் இருந்தாள். கிடுகுப் பக்கம் அடுப்பு. ஐந்து பேரும் சீவிப்பது அவளுடைய நிவாரண அட்டையில். இரண்டு வாரத்துக்கொரு முறை செவ்வாய்க்கிழமை கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி கிடைக்கும். அந்த அட்டையை அவள் பொலித்தீன் பையில் சுற்றி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். தாலியை விற்றாயிற்று, அந்த இடத்தில் இருந்தது அந்த அட்டைதான்.

அதிகாரிகள் அளக்கத் தொடங்கினார்கள். வாய்க்கால் அகழி ஆயிற்று. பலகை தூக்குபாலம் ஆயிற்று. முற்றத்தில் குண்டுக்குப் பதுங்கப் பனங்குற்றி அடுக்கி மூடிய பங்கர், நிலக்கீழ் அறை ஆயிற்று.

“இஞ்சை ஒரு நாளைக்கு எத்தினை பேர் வருகினம்?” என்று பஞ்சலிங்கம் கேட்டார்.

“ஆர் வருகினம்! பொம்பர் குண்டு போட வந்தால் மட்டும் இந்த ஒழுங்கைச் சனம் முழுக்க எங்கடை பங்கருக்கை ஓடி வரும். நாப்பது பேர் வரும்.”

“பொம்பர் நாளுக்கு எத்தினை தரம் வரும்?”

“அதை அவனையெல்லோ கேக்கவேணும்? மூண்டு தரமெண்டு வையுங்கோவன்.”

பஞ்சலிங்கம் நாற்பதை மூன்றால் பெருக்கி, முந்நூற்றறுபத்தைந்தால் பெருக்கினார். ‘வருடாந்தப் பார்வையாளர் 43,800. பெரும்பாலோர் நிலக்கீழ் அறையையே விரும்பிப் பார்வையிடுகின்றனர்.’

சுற்றுநிருபத்தோடு வந்த படிவத்தின் ஒன்பதாம் நிரலில்தான் சிக்கல் வந்தது. ‘அரண்மனையில் வசிப்போர்: (அ) அரச குடும்பத்தினர் (ஆ) நியமனம் பெற்ற காவலர் (இ) எவருமிலர்.’ சிவசுப்பிரமணியம் நேர்மையானவர். ஐந்து பேர் கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது எவருமிலர் என்று எழுத அவருடைய மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. காவலர் நியமனம் அந்த வருடம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. மிஞ்சியது (அ).

“அப்ப நான் ராச குடும்பமோ?” என்றாள் மகாதேவி.

“படிவத்தின்படி.”

“ஐயா, வீட்டிலை நாலு நாளா மா இல்லை.”

“அது வேறை படிவம்.”

அந்த வேறு படிவமும் இதே கச்சேரியில்தான் இருந்தது, அடுத்த மேசையில். கச்சேரியில் ஒரு மேசைக்கும் மறு மேசைக்கும் இடையில் பொதுவாக ஆறு மாதத் தூரம் உண்டு. கெட்ட செய்தி மட்டும் அன்றைக்கே போய்விடும். அடுத்த செவ்வாய்க்கிழமை மகாதேவி பையோடு சங்கக்கடைக்குப் போனபோது, ஊர் அதிகாரியான விதானையார் தம்பிஐயா அவள் பெயருக்கு மேலே கோடு கிழித்திருந்தார்.

“அரச குடும்பத்துக்கு நிவாரணம் இல்லையாம் பிள்ளை. வருமான எல்லை ஒண்டு இருக்காம்.”

“என்ரை வருமானம் என்னெண்டு உங்களுக்குத் தெரியாதோ?”

“எனக்குத் தெரியும். அட்டைக்குத் தெரியாது.”

மகாதேவி கச்சேரிக்கு நடந்தாள். சிவசுப்பிரமணியம் மரியாதையோடு அவளை உட்காரச் சொன்னார். அரச குடும்பத்தினருக்குக் கதிரை கொடுக்கும்படி அவருக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“இதுக்கு ஒரு வழி இருக்கு, தங்கச்சி. நீங்கள் அரண்மனையை விட்டு வெளியேறினால் அகதி. அகதியெண்டால் அட்டை உண்டு.”

“நான் இப்பவும் அகதிதானே ஐயா?”

“இப்ப நீங்கள் அரண்மனையிலை இருக்கிற அகதி. விதியிலை அப்பிடியொரு இனம் இல்லை.”

“அரண்மனையின்ரை பின்பக்கம் கிடுகு ஐயா. நீங்களே பாத்தனீங்கள்.”

“படிவத்திலை முன்பக்கம் மட்டும்தான் கேட்டிருக்கு.”

மகாதேவி அன்று பின்னேரமே வெளியேறினாள். வளவின் பின்கோடியில், வேலியோரம் ஓர் ஆட்டுக்கொட்டில் இருந்தது. ஆட்டை விற்று வெகுகாலம். பிள்ளைகளும் மாமியாரும் பாயும் சட்டியும் சாமிப் படமும் அதற்குள் போயின. பஞ்சலிங்கம் அரண்மனையைப் பூட்டித் திறப்பைக் கோவையில் இணைத்தார். மகாதேவியின் அட்டை திரும்பச் செல்லுபடியானது. இரண்டு தரப்பினருக்கும் திருப்தி. கதை இத்துடன் முடிந்திருக்கவேண்டும்.

ஆனால் அரண்மனைகளின் பட்டியல் கொழும்புக்குப் போன செய்தி கொழும்புத்துறையில் பரவியது. பரவும்போது கொஞ்சம் வளர்ந்தது. “பொம்பர்காரன் கையிலை ஒரு பட்டியல் வைச்சிருக்கிறானாம். அரண்மனை எண்டு பட்டியலிலை இருந்தால் குண்டு போடமாட்டானாம். வெளிநாட்டுக்காரன் கேள்வி கேப்பானெல்லோ!” இதை முதலில் சொன்னவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆகவே எல்லோரும் நம்பினார்கள்.

அடுத்த வாரம் கச்சேரி வாசலில் வரிசை. முன்னால் நின்றவள் மகாதேவியின் பக்கத்து வளவுக் குணலட்சுமி. தம்பி ஜேர்மனியில், ஆண்டு நான்கு படிக்கும் ஒரு மகன், வீட்டுக்கு முன்னால் தம்பியின் காசில் எழும்பி முக்கால்வாசியில் நின்றுபோன ஒரு கோபுரம்.

“எங்கடை வீட்டையும் அரண்மனையெண்டு பதியுங்கோ ஐயா. ராசான்ரை வீட்டிலும் பாக்க எங்கடை வீட்டுக்குப் பின்பக்கமெண்டாலும் இருக்கு.”

நியாயமான வாதம். சிவசுப்பிரமணியம் யோசித்தார். நிர்வாகத்தில் ஒருவருக்குச் செய்ததை மற்றவருக்கு மறுக்க முடியாது. அவர் ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்தார். குறைந்தது ஒரு கோபுரம் வேண்டும் என்பது முதலாம் நிபந்தனை. சீமெந்து இல்லாத காலம், சனம் சளைக்கவில்லை. தார்ப்பீப்பாவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுண்ணாம்பு அடித்தார்கள். சிலர் பனையோலையால் கூம்பு கட்டினார்கள். ஒருவர் தண்ணீர்த் தாங்கிக்குத் தொப்பி வைத்தார். கட்டடப் பொருள் என்ற இடத்தில் எல்லோரும் ‘கருங்கல்’ என்று எழுதினார்கள். பரிசோதனைக்குப் போவதற்குச் சைக்கிள் ரியூப் இல்லாதபடியால் கச்சேரி எல்லோரையும் நம்பியது.

கொழும்புத்துறையின் அந்தப் பிரிவில் குடும்பங்கள் 413. அவற்றில் 412 அரண்மனை ஆயின. அரண்மனைக்கு 43,800 என்ற அங்கீகரிக்கப்பட்ட விகிதப்படி பஞ்சலிங்கம் பார்வையாளரைக் கணக்கிட்டார். ஒரு கோடியே எண்பது இலட்சம் வந்தது. நாட்டின் மொத்தச் சனத்தொகையைவிடச் சற்றுக் கூட. அமைச்சு சில மாதங்களின் பின் மகிழ்ந்து, யாழ்ப்பாணத்தின் அயராத முயற்சியைப் பாராட்டி ஒரு கடிதம் எழுதியது. பொம்பர் அந்தப் பட்டியலைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அது வழக்கம்போல் வந்து போயிற்று. அரண்மனை பூட்டியிருந்ததால் நாற்பது பேரும் கேற்றில் ஏறிக் குதித்துப் பங்கருக்குள் போனார்கள்.

விண்ணப்பப் படிவத்தின் அடியில், சின்ன எழுத்தில், ஆறாம் நிபந்தனை ஒன்று இருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை. அடுத்த நிவாரணச் செவ்வாயன்று சங்கக்கடையில் வரிசை வழக்கம்போல் நின்றது. விதானையார் தம்பிஐயா பெயர்ப் பதிவு இடாப்பைத் திறந்தார், ஒரு பெயரை வாசித்தார், மூடினார்.

“மகாதேவி. மற்றவை போகலாம்.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறியள், விதானையார்?” என்றாள் குணலட்சுமி. “எங்கடை பேர்?”

“நீங்கள் எல்லாரும் அரச குடும்பம் பிள்ளை.”

“எங்கடை கோபுரத்தின்ரை மேல் கால்வாசி தார்ப்பீப்பா ஐயா!”

“கருங்கல் எண்டெல்லோ எழுதியிருக்கு.”

நானூற்றுப் பன்னிரண்டு ராசாக்கள் வெறும் பையோடு பார்த்துக்கொண்டு நிற்க, மகாதேவி அரிசியும் மாவும் வாங்கிக்கொண்டு போனாள். அன்று பின்னேரம் ஆட்டுக்கொட்டிலில் ரொட்டி சுட்டாள். மணம் வேலியைத் தாண்டியது. ஒழுங்கைப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவள் கிள்ளிக் கிள்ளிக் கொடுத்தாள். குணலட்சுமிக்கும் ஒன்றை அவள் மகனிடம் கொடுத்துவிட்டாள்.

யாழ்ப்பாணத்தவருக்குத் தங்கள் குறையை அரசாங்கத்துக்கு அறிவிப்பதில் கூச்சம் உண்டு. மற்றவரின் நிறையை அறிவிப்பதில் இல்லை. வெள்ளிக்கிழமைத் தபாலில் கச்சேரிக்கு முப்பத்தேழு மொட்டைப் பெட்டிசங்கள் வந்தன. ‘உண்மை விளம்பி’, ‘நலன்விரும்பி’, ‘நீதியின் நண்பன்’ என்ற மூவரே அவ்வளவையும் எழுதியிருந்தார்கள் போலிருந்தது. தாள் கிடையாத காலம் ஆகையால் எல்லாம் பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாள்கள். சாரம் ஒன்றுதான்: மகாதேவி என்பவர் அரண்மனையை விட்டு வெளியேறியதாக நடிக்கிறார். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அரண்மனையின் நிழல் அவருடைய கொட்டிலின் மேல் விழுகிறது. ஆகவே அவர் இன்னமும் அரண்மனையின் கீழேயே வாழ்கிறார்.

சிவசுப்பிரமணியம் பெட்டிசத்தை நம்பித் தண்டிக்கிறவர் அல்ல. அளவுநாடாவை எடுத்துக்கொண்டு நேரில் போனார். நாலு பத்துக்கு வடமேற்குக் கோபுரத்தின் நிழல் கொட்டிலின் கூரையில் இரண்டு அடி ஏறி நின்றது. அவர் இரண்டு முறை அளந்தார். குற்றச்சாட்டு உண்மை.

மகாதேவியைக் கச்சேரிக்கு அழைத்து விசாரணை நடந்தது. பெட்டிசம் ஒவ்வொன்றையும் பஞ்சலிங்கம் உரத்து வாசித்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மேசையில் கிடந்த ஒன்றை எடுத்துத் திருப்பினாள். மறுபக்கத்தில் பென்சில் எழுத்து. மேலே குணலட்சுமியின் மகனுடைய பெயர். ஆண்டு நான்கு. தலைப்பு: ‘எமது அயலவர்’.

‘எங்கள் பக்கத்து வளவில் மகாதேவி மாமி இருக்கிறார். அவர் செவ்வாய்க்கிழமை எனக்கு ரொட்டி தந்தார். அம்மாவுக்கும் தந்தார். அம்மா நல்ல ருசி என்று சொன்னார். நாம் அயலவருக்கு உதவி செய்ய வேண்டும்.’ சிவப்பு மையில் பத்துக்கு எட்டு.

“ஐயா, உதையும் ஒருக்கா வாசியுங்கோ,” என்றாள்.

சிவசுப்பிரமணியம் தாளை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி, கண்ணை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, பெட்டிசப் பக்கம் மேலே வரும்படி திருப்பி வைத்தார்.

“மொட்டைப் பெட்டிசத்தின்ரை மறுபக்கத்தைப் பாக்கப்படாது தங்கச்சி. எழுதினது ஆரெண்டு தெரிஞ்சு போடும்.”

“ஆரெண்டு எனக்குத் தெரியும் ஐயா.”

“உங்களுக்குத் தெரியலாம். கச்சேரிக்குத் தெரியக்கூடாது. அட்டையைத் தாங்கோ.”

அவள் பொலித்தீன் பையோடு கொடுத்தாள். பையைத் திருப்பித் தருமாறு கேட்டாள். அதற்குத் தடை இருக்கவில்லை.

அதற்கடுத்த நிவாரணச் செவ்வாயன்று விதானையார் இடாப்பைத் திறக்கவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பிரிவில் ஏழைகள் எவரும் மிஞ்சவில்லை. சங்கக்கடையில் வரிசை இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, ஒருவரைப் பார்த்து ஒருவர் முணுமுணுக்கவில்லை. மூன்று வருடத்தில் அப்படி ஒரு கட்டுப்பாட்டை அந்தப் பிரிவு கண்டதில்லை என்று தம்பிஐயா தமது நாட்குறிப்பில் எழுதினார்.

பின்னேரம் நாலு மணியானதும் குணலட்சுமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“ஏன் மகாதேவி, இண்டைக்கு ரொட்டி சுடேல்லையோ? பொடியன் பள்ளிக்கூடத்தாலை வந்த நேரம் தொட்டுக் கேட்டுக்கொண்டு நிக்கிறான்.”